பெயர் என்னும் அழைப்பு

நுழையும்முன்
பேசத் தெரியாத குழந்தையிடம் பேசுவதால் பயன் என்ன என எண்ணுவோர் உளர். தானாகப் பேசுவதற்கு முன்பே, கேட்கும் சொற்களின் துணையால் குழந்தை உலகை வகைப்படுத்தத் தொடங்குகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சொல், பல மலர்கள்
நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை, கனகாம்பரம், செவ்வந்தி எனப் பல மலர்களைக் காணலாம். அவை நிறத்தாலும் மணத்தாலும் வடிவத்தாலும் வேறுபட்டவை. ஆயினும் தாய் ஒவ்வொன்றையும் காட்டிப் ‘பூ’ என்கிறாள். அந்த ஒரு சொல், அவற்றினுள் பொதுவாக உள்ளதைத் தேடுமாறு குழந்தையை அழைக்கிறது.

ஆய்வு காட்டும் உண்மை
அமெரிக்காவில் அலிசா ஃபெர்ரி, சூசன் ஹெஸ்போஸ், சாண்ட்ரா வாக்ஸ்மன் ஆகியோர் மூன்று, நான்கு மாதக் குழந்தைகளிடம் நிகழ்த்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. குழந்தைகளுக்கு டைனோசர் அல்லது மீன் ஆகிய ஒரே வகை விலங்கின் பல படங்கள் காட்டப்பட்டன. ஒரு பிரிவினர் படங்களுடன் புதுப்பெயர் அமைந்த தொடரைக் கேட்டனர். மற்றொரு பிரிவினர் வெறும் கருவியொலியைக் கேட்டனர். பின்னர் இருவகை விலங்குகளின் புதிய படங்களும் அருகருகே வைக்கப்பட்டன. பேச்சைக் கேட்ட குழந்தைகளே அவற்றை வேறுபடுத்தி நோக்கினர்.

அவர்களே 2013இல் வெளியிட்ட ஆய்வில், லெமூர் என்னும் விலங்கின் குரலும் அவ்விளம்பருவத்தில் இவ்வாறே உதவியது. ஆறாம் மாதத்திலோ அவ்வுதவி மறைந்தது. மனிதப் பேச்சே நிலைத்தது.

தமிழின் வகைப்பாடு
ஒவ்வொரு மொழியும் தனக்கே உரிய வகைகளைக் குழந்தைக்குக் காட்டுகிறது. தொழுவத்தில் நிற்பது பசுவின் கன்று. சிறுமலையில் நடப்படுவது வாழைக்கன்று. விலங்கையும் பயிரையும் ‘இளமை’ என்னும் பொதுமையால் இணைக்கிறது அச்சொல். தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர்கள் ஒன்பதைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் கன்று, பிள்ளை, குழவி ஆகியன ஓரறிவுயிராகிய மரம், செடிகளுக்கும் பொருந்தும் என்கிறது. தென்னம்பிள்ளை என்னும் வழக்கு இன்றும் உள்ளது.

நம் கடமை
அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அமைதிப்படுத்துவது எளிது. ஆனால், குழந்தை எதை நோக்குகிறதோ அதன் பெயரைச் சொல்வதற்கு அருகில் ஒருவர் வேண்டும். கன்று, குஞ்சு, குட்டி, பிள்ளை என்னும் பெயர்கள் வீட்டில் ஒலிக்காவிடில், அவை காட்டும் ஒப்புமைகளும் வேற்றுமைகளும் குழந்தைக்கு எட்டாமல் போகும். ஆகவே, மறுமொழி வராவிடினும் மழலைகளிடம் பேசுவோம்.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊரில் வழங்கும் இளமைப்பெயர்களைத் திரட்டி, அவை குறிக்கும் உயிர்களுக்கிடையே உள்ள பொதுமையை வகுப்பறையில் கலந்துரையாடுக.