வெளிநாட்டில் களஆய்வு: புறப்படும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

 

பயணம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. வளைகுடாவிலோ மலேசியாவிலோ உறவினர் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. ஆனால் படிப்பின் ஒரு பகுதியாகப் பிள்ளைகள் வெளிநாடு செல்வது பலருக்கும் புதிய செய்தி. சர்வதேச உறவுகள் பாடத்தில் எம்.ஏ., பிஎச்.டி. படிப்பவர்களுக்கு இந்த வழி இருக்கிறது. போர், ஒப்பந்தம், அகதிகள் பிரச்சினை போன்றவற்றை நூலகத்தில் மட்டும் படித்து முடிக்க முடியாது. அந்தந்த நாட்டுக்கே சென்று, மக்களிடமும் அதிகாரிகளிடமும் கேட்டு எழுதுவது களஆய்வு. ஓர் அமைப்பின் அலுவலகத்தில் சில மாதங்கள் இருந்து வேலை பழகுவது களப்பயிற்சி.

வாய்ப்பு வந்தால் மகிழ்ச்சிதான். அந்த மகிழ்ச்சியோடு நான்கு கேள்விகளையும் கேட்டுவிட வேண்டும்.

1. செலவு யாருடையது?

ஐக்கிய நாடுகள் சபைத் தலைமைச் செயலகத்தின் பயிற்சி இரண்டு முதல் ஆறு மாதம் வரை நடக்கும். பெயர் பெரிது; ஆனால் சம்பளம் கிடையாது. பயணம், தங்குமிடம், காப்பீடு எல்லாம் நம் பொறுப்பு. முடிந்ததும் வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2015-இல் ஜெனிவாவில் நியூசிலாந்தைச் சேர்ந்த 22 வயதுப் பயிற்சியாளர் ஒருவர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதே ஊரில் இருக்கும் உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை தருகிறது. ஆகவே, ஒரே ஊரில் இருந்தாலும் எல்லா அமைப்புக்கும் ஒரே விதி அல்ல. ஒவ்வொன்றையும் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

செலவை ஏற்கும் திட்டங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ; அதிகபட்சம் 24 மாதங்கள். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பதிவு செய்தவர்களுக்கு, ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஐ.நா. தன் வேலைக்கோ பயிற்சிக்கோ எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. "ஐ.நா.வில் இடம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பி நகையை விற்றுவிடாதீர்கள்.

2. மொழி இருக்கிறதா?

ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் அரபும் ஒன்று. மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்கு இது பெரிய மூலதனம். ஆனால் கிதாபில் படித்த அரபு வேறு, கெய்ரோ கடைத்தெருவில் பேசும் அரபு வேறு. பேச்சு வழக்கைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே சில மாதங்கள் ஒதுக்க வேண்டும்.

3. அனுமதியும் பாதுகாப்பும் உண்டா?

விசிட் விசாவில் சென்று வேலை பார்க்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும். ஆய்வுக்கும் அப்படித்தான், எந்த நாட்டில் என்ன அனுமதி தேவை என்று முதலில் விசாரிக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் மாணவர் ஜூலியோ ரெஜெனி எகிப்தின் சுயேச்சைத் தொழிற்சங்கங்களை ஆராய்ந்தவர். 2016 ஜனவரி 25 அன்று கெய்ரோவில் காணாமல் போனார். பிப்ரவரி 3 அன்று சித்திரவதைத் தடயங்களுடன் அவர் உடல் கிடைத்தது. வயது 28. டர்ஹாம் பல்கலைக்கழக மாணவர் மேத்யூ ஹெட்ஜஸ் ஆய்வுக்காக அமீரகம் சென்று, 2018 மே மாதம் துபாயில் கைதானார். உளவு பார்த்ததாக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் குற்றச்சாட்டை அவர் மறுத்தார். நவம்பரில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். இருவரும் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள். எனவே வழிகாட்டும் பேராசிரியர் யார், உள்ளூரில் பொறுப்பேற்பவர் யார், ஆபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது, இந்தியத் தூதரகத் தொலைபேசி எண் என்ன என்பதை எழுத்தில் வாங்கி, வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. அந்த மக்களுக்கு நம்மால் தீங்கு வருமா?

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்கியா மக்கள் வாழ்கிறார்கள். அங்கே செல்ல அரசு அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும், ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுத்தான் பேச வேண்டும். அவர்கள் பெயரையும் படத்தையும் வெளியிட்டால் உறவினர்களுக்குக்கூட ஆபத்து வரலாம். நம்பிச் சொன்னதைக் காப்பது அமானிதம். மாணவர் திரும்பி வந்துவிடுவார். அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

இவ்வளவும் சொல்வது பிள்ளைகளைத் தடுப்பதற்காக அல்ல. உலக விவகாரங்களைப் பேசும் அவைகளில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும். மகனோ மகளோ, தெளிவோடு போக வேண்டும். அழைப்புக் கடிதம் வந்தால், பணம் கட்டும் முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து அமர்ந்து வரி வரியாகப் படித்துப் பார்ப்போம்.