பழைய லோரியும் துருவின் கணக்கும்

மாணவர்களே, தகரக் கூரைக்கு அடியில் முப்பது ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் ஒரு பெட்ஃபோர்ட் லோரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டயர்கள் காற்றிழந்து மண்ணில் அமுங்கிவிட்டன. கதவின் அடிப்பகுதி விரல் பட்டாலே உதிர்கிறது. அதை மீண்டும் ஓட வைக்க ஒருவர் ஆசைப்படுகிறார். முதல் வேலை, சக்கரத்தைக் கழற்றுவது. ஸ்பேனரில் நீண்ட குழாயை மாட்டி, இடப்பக்கச் சக்கரத்தின் நட்டை வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்புகிறார். அசையவில்லை. உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்துகிறார். படீரென்று போல்ட் முறிகிறது.

துருதான் காரணம் என்பீர்கள். பாதிதான் சரி. பெட்ஃபோர்ட் உள்ளிட்ட பல பிரிட்டிஷ் லோரிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை வெட்டியிருப்பார்கள். சக்கரம் உருளும்போது நட்டு தானாகத் தளர்ந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. உங்கள் சைக்கிளின் இடப்பக்க மிதிக்கட்டையிலும் இதே இடமரைதான். நம் நண்பர் கழற்றிக்கொண்டிருக்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கிக்கொண்டிருந்தார்!

பெட்ஃபோர்ட் என்பது இங்கிலாந்தின் லூட்டன் நகரில் வாக்ஸால் நிறுவனம் 1931 முதல் தயாரித்த லோரி. அவற்றுள் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் 'ஓ' வரிசை 1939-இல் வெளிவந்து 1953 வரை தயாரிக்கப்பட்டது. ஆறு சிலிண்டர் கொண்ட 3.5 லிட்டர் பெட்ரோல் இயந்திரம், சுமார் 72 குதிரைத்திறன். இன்றைய 1.3 லிட்டர் கார் இதைவிடக் கூடுதல் திறன் தரும். ஆனால் இது டன் கணக்கில் பாரம் இழுத்தது. அக்காலத்தில் பல லோரிகள் அடிச்சட்டமும் இயந்திரமுமாகவே கப்பலேறி வந்தன. ஓட்டுநர் அறையையும் பின்பெட்டியையும் உள்ளூர்த் தச்சர்கள் பலகையால் கட்டினார்கள். பலகையும் இரும்பும் சேரும் இடத்தில் ஈரம் தங்கும். பழைய லோரியில் துருவைத் தேட வேண்டுமானால் முதலில் அங்கே பாருங்கள்.

துரு உருவாக இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மழையில் நனைந்தால்தான் துருப்பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். நம் நாட்டில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கூரைக்கு அடியில் நின்றாலும் லோரி தப்பாது.

அடுத்த கணக்குதான் பட்டறையில் எல்லாருக்கும் தலைவலி. துருவாக மாறும் இரும்பு, முன்பு அடைத்த இடத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு இடத்தை அடைக்கும். நீர் சேர்ந்த துருவானால் இன்னும் அதிகம். மரையின் இடுக்கில் அது வீங்கினால், ஆப்பு அடித்ததுபோல் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு எவ்வளவு பலத்தைப் போட்டாலும் முறிவது பெரும்பாலும் போல்ட்தான்.

அடிச்சட்டத்தில் இப்படி இறுகிய நட்டுக்குச் சூடு காட்டுவது பழைய உத்தி. இங்கே ஒரு கேள்வி: நட்டைச் சூடாக்கினால் அதன் துளை சிறிதாகுமா, பெரிதாகுமா? உலோகம் விரிந்து துளையை நெருக்கும் என்று பலரும் சொல்வார்கள். ஒரு வளையத்தை வெட்டிக் கம்பியாக நீட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். சூடானால் கம்பி நீளும். அதை மறுபடி வளைத்தால் முன்னைவிடப் பெரிய வளையம்தானே கிடைக்கும்? துளை பெரிதாகிறது. எஃகு ஒரு பாகை செல்சியஸுக்குப் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். 20 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டு 250 பாகை சூடேறினால் துளை 0.06 மில்லிமீட்டர் பெரிதாகும், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். துருவின் பிடி விரிசல் விட அது போதும். அந்த விரிசலில் எண்ணெயை விட்டால் நுண்புழை ஈர்ப்பால் தானே உள்ளே ஏறிவிடும். ஆனால் டயர் மாட்டிய சக்கரத்தின் அருகே நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. சூடேறிய லோரி டயர் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

சரி, பாகங்களைக் கழற்றியாயிற்று. படிந்த துருவை எப்படி நீக்குவது? அரைக்கும் இயந்திரம் துருவோடு நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும். அமிலமும் அப்படியே. மணல் வீச்சு தடித்த அடிச்சட்டத்துக்குச் சரிவரும், மெல்லிய கதவுத் தகட்டை நெளித்துவிடும். இவற்றைவிட மென்மையான ஒரு வழி உங்கள் வேதியியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதுதான் மின்னாற்பகுப்பு.

ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, சலவைச் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட்டைக் கரைப்பார்கள். துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தின் எதிர்முனையிலும், வீணானாலும் பரவாயில்லை என்ற ஒரு சாதாரண இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் மூழ்க வைப்பார்கள். துரு என்பது எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு. எதிர்மின்வாயில் அதற்கு எலெக்ட்ரான்கள் திரும்பக் கிடைக்கின்றன. செந்நிறத் துருவின் ஒரு பகுதி மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக ஒடுங்குகிறது. கூடவே கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் மிச்சத்தை நெம்பித் தள்ளுகின்றன. சில மணி நேரம் கழித்து எடுத்துத் தேய்த்தால் கறுப்புப் பொடி உதிர்ந்து, அடியில் இருக்கும் பழைய இரும்பு அப்படியே தெரியும். தொழிற்சாலையில் பொறித்த எண்கள்கூட வாசிக்கும்படி இருக்கும். ஓட்டை விழுந்த இடம் மட்டும் ஓட்டையாகவே இருக்கும். கரைந்து போன இரும்பை எந்த மின்சாரமும் திருப்பித் தராது.

முனைகளை மாற்றி இணைத்துவிட்டால்? காப்பாற்ற வந்த பாகமே நேர்மின்வாயாகிக் கரையத் தொடங்கும். இணைப்பை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டியது அதனால்தான்.

இன்னும் சில ஆபத்துகள் உண்டு. துருப்பிடிக்காத எஃகை நேர்மின்வாயாக வைத்தால் நீண்ட நாள் உழைக்குமே என்று சிலர் நினைப்பதுண்டு. அதிலிருக்கும் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் ஆறு-இணைதிறன் குரோமியமாகக் கரைசலில் சேரக்கூடும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் நச்சு வாயுவான குளோரின் வரும். அலுமினியப் பாகத்தைப் போட்டால் காரக் கரைசலே அதை அரித்துவிடும். பாரம் தாங்கும் வில் பட்டைகளையும் ஸ்டீயரிங் பாகங்களையும் இந்தத் தொட்டியில் இறக்காமல் இருப்பதே நல்லது. உறுதியான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

ஹைட்ரஜன் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? 2 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் 7,200 கூலோம் மின்னூட்டத்தைச் செலுத்தும். ஒரு மோல் எலெக்ட்ரானுக்கு 96,500 கூலோம். ஆக 0.075 மோல் எலெக்ட்ரான். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலெக்ட்ரான் வேண்டும் என்பதால் பாதி, அதாவது ஏறக்குறைய 0.037 மோல். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் என்று கொண்டால் மணிக்கு 0.9 லிட்டர். இரவு முழுவதும், எட்டு மணி நேரம் ஓடவிட்டால் 7 லிட்டருக்கும் மேல். இது எல்லா எலெக்ட்ரானும் ஹைட்ரஜனுக்கே போனால் வரும் உச்ச அளவு. காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். 7 லிட்டர் ஹைட்ரஜன், கிட்டத்தட்ட 180 லிட்டர் காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும். தொட்டியை மூடி வைக்காமல் திறந்தவெளியில் வைப்பதும், மின்சாரத்தை நிறுத்திய பிறகே கம்பிகளைக் கழற்றுவதும் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இதைச் சிறிய அளவில் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்யலாம். துருப்பிடித்த ஆணி ஒன்று, நல்ல இரும்பு ஆணி ஒன்று, ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா கரைத்த ஒரு முகவை நீர், ஆய்வுக்கூட மின்வழங்கி. இரண்டு ஆணிகளையும் முன்னும் பின்னும் உலர்த்தி எடைபோடுங்கள். தேய்த்துக் கழுவிய ஆணியைச் சும்மா மேசைமேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நம் காற்றில் சற்று நேரத்திலேயே புதுத்துரு படரும். பட்டறையில் பாகத்தை உடனே உலர்த்தி, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு கொடுப்பது இதற்காகத்தான். இரும்புக்கு முன் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்துவிடும்.

லோரியின் கதவைத் தொட்டியில் இறக்குமுன் ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. பழைய லோரிகள் பலமுறை சாயம் பூசப்பட்டவை. மேற்பூச்சுக்கு அடியில், கையால் எழுதிய கடைப்பெயரோ தோட்டத்தின் பெயரோ மறைந்திருக்கலாம். காரக் கரைசல் சாயத்தைப் பெயர்த்துவிடும். அந்த எழுத்து ஒருமுறை போனால் போனதுதான். புத்தம் புதிதாகப் பளபளக்க வைப்பதைவிட அந்த எழுத்தைக் காப்பாற்றுவதே பெரிய வேலை என்பது என் கட்சி. இதில் சேகரிப்பாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை.

அதற்கும் ஒரு முறை உண்டு. கதவின் ஓர் ஓரத்தில் தபால்தலை அளவு இடத்தை, மிக நுண்ணிய உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்ப்பார்கள். நடுவில் ஆழமாகவும் விளிம்பில் மேலோட்டமாகவும் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல் ஒவ்வொரு சாயமும் ஒரு வட்டமாக வெளிப்படும். நடுவில் தெரிவது முதல் சாயம். நீர் விடாமல் தேய்க்கக் கூடாது. அக்காலச் சாயங்களில் ஈயம் இருந்தது, அதன் தூசி மூச்சோடு உள்ளே போகும். முகமூடியும் கையுறையும் அணிந்து, வட்டங்களைப் படமெடுத்து, நிறங்களை வரிசைப்படி குறித்து வைத்துக்கொண்ட பிறகு, எழுத்து எந்த அடுக்கில் இருக்கிறது என்று தேடத் தொடங்குவார்கள்.