கேட் எந்தப் பக்கம்?

அன்புள்ள தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ கேட்டதற்கு அங்கேயே இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் உன்னைப் போலப் புதிதாக ஃபீல்டு வேலைக்கு வந்த பையன்கள் இன்னும் சிலரும் இதையேதான் கேட்கிறார்கள். எல்லாரும் படிக்கட்டும் என்று கடிதமாகவே எழுதிவிட்டேன்.

கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் சேர்ந்திருக்கிறாய். காலையில் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ், அப்புறம் சென்னைத் துறைமுகம், மணலியில் ஒரு யார்டு, எண்ணூரில் இன்னொன்று என்று நாள் முழுக்க பைக்கில் ஓட்டம். ஹேண்டில்பாரில் போனை மாட்டினால் போதுமா, பைக்குக்கென்றே விற்கிற ஜி.பி.எஸ் கருவி வாங்க வேண்டுமா என்பது உன் கேள்வி.

போன் போதும். கார்மின் கம்பெனியின் சூமோ, டாம்டாம் கம்பெனியின் ரைடர் மாதிரிக் கருவிகள் நல்ல பொருட்கள்தான். மழையில் நனையலாம், கையுறையோடு தொடலாம், உச்சி வெயிலிலும் திரை தெரியும், நெட்வொர்க் இல்லாத இடத்திலும் வழி சொல்லும். லடாக் போகிறவனுக்கு அது சரி. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஓடுகிற உனக்கு நெட்வொர்க் ஒரு பிரச்சினையே இல்லை. அந்தக் காசுக்கு நல்ல ஹெல்மெட்டும் டயரும் வாங்கு.

இன்னொன்றும் கேட்டாயே, டிரிப்பர் வைத்த வண்டி எடுக்கலாமா என்று. 1950களிலேயே நம்ம திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, 2020 நவம்பரில் மீட்டியார் 350 வண்டியோடு டிரிப்பர் என்கிற அந்தச் சின்ன வட்டத் திரையைக் கொண்டுவந்தது. அதில் வரைபடம் கிடையாது. அடுத்த திருப்பத்துக்கு ஓர் அம்புக்குறி, அதற்கு இன்னும் எத்தனை மீட்டர், அவ்வளவுதான். அதுவும் புளூடூத் வழியாக உன் போனிலிருந்து வாங்கித்தான் காட்டும். 2023இல் ஹிமாலயன் 450 வந்தபோது முழு கூகுள் மேப்பே வட்டத் திரையில் தெரியும்படி செய்துவிட்டார்கள். ஷோரூமில் நின்று பார்த்தால் பின்னதுதான் அழகு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு முன்னதுதான் மேல் என்பது என் கட்சி.

ஏன் என்று கேட்பாய். 40 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. திரையில் எந்தக் கோடு, எந்த வளைவு என்று பார்த்துப் புரிந்துகொள்ள இரண்டு விநாடி வைத்துக்கொள். அதற்குள் 22 மீட்டர் போய்விட்டாய். 40 அடி கன்டெய்னர் 12 மீட்டர்தான். இழுக்கிற வண்டியையும் சேர்த்தால்கூட ஒரு முழு டிரெய்லரின் நீளத்தைவிட அதிகமான தூரத்தை ரோட்டைப் பார்க்காமலே கடந்திருக்கிறாய். வேறு ஊரில் இது தப்பித்துப் போகிற தப்பாக இருக்கலாம். இங்கே உன் பக்கத்தில் ஓடுவது காரும் ஸ்கூட்டரும் அல்ல.

நீ எத்தனை வருஷம் ஓட்டினாலும் மறக்கக் கூடாத ஓர் இடத்தைச் சொல்கிறேன். எண்ணூரிலிருந்து தெற்கே, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு துறைமுகத்தை நோக்கி வருகிறாய். துறைமுகத்தின் ஜீரோ கேட் நெருங்குகிறது. டிரெய்லர்கள் இடது ஓரத்தில் வரிசை கட்டி நிற்கின்றன, சில நகர்கின்றன. உனக்கு முன்னால் ஒரு டிரெய்லர் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குகிறது. இடப்பக்கம் பைக் தாராளமாகப் போகிற அளவுக்கு இடைவெளி விழுகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து மேப், இடப்பக்கம் திரும்பவும் என்கிறது. அந்த இடைவெளி உனக்காக விட்டதில்லை, தம்பி. நீளமான வண்டி இடது பக்கம் திரும்ப முதலில் வலது பக்கம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக முனையை அறுத்துக்கொண்டு வரும். நீ நுழைந்த இடைவெளி பின்பக்கத்திலிருந்து மூடிக்கொண்டே வரும். கேபினில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இடப்பக்கத்தில் ஒட்டி நிற்கிற பைக் தெரியாது. கிளீனர் பையன் எட்டிப் பார்த்தால் உண்டு.

மேப் தப்பாக எதுவும் சொல்லவில்லை பார். திருப்பம் சரி, தூரம் சரி. ஆனால் ரோட்டில் அந்த நிமிஷம் என்ன நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அதில் தெரிகிற நெரிசல் சிவப்பு, அந்த ரோட்டில் நகர்கிற போன்களின் வேகத்தை வைத்துப் போட்ட நிறம். இரண்டு டிரெய்லருக்கு நடுவில் புகுந்து போகலாமா கூடாதா என்பது அந்த நிறத்தில் இல்லை. புகாதே. திருப்பம் தவறினால் தவறட்டும். அடுத்த வளைவில் சுற்றி வரலாம். அது பாட்டுக்கு வேறு வழி போட்டுக்கொள்ளும், கோபித்துக்கொள்ளாது.

ஆக, நிற்கும்போது பார், ஓடும்போது கேள். கிளம்பும் முன் முழு வழியையும் ஒரு தடவை விரலால் நகர்த்திப் பார்த்து, மூன்று நான்கு திருப்பங்களை மனதில் போட்டுக்கொள். பிறகு குரலை மட்டும் விடு. அதற்காக இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொள்ளாதே. டிரெய்லரின் ஏர் பிரேக் சீறுவது உனக்குக் கேட்க வேண்டும். சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம். ஓட்டிக்கொண்டே ஆபீஸ் குரூப்பில் கன்டெய்னர் நம்பர் தட்டுவது இதில் சேராது.

உன் வேலையில் நேரம் அதிகமாக வீணாவது ரோட்டில் இல்லை, கேட்டில். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நம்ம பக்கத்தில் இருப்பதெல்லாம் காம்பவுண்டுகள். துறைமுகம், யார்டு, எண்ணெய் ஆலை, உரத் தொழிற்சாலை, லாரி கம்பெனி என்று ஒவ்வொன்றுக்கும் நீள நீளமாகச் சுவர். பெயரைத் தட்டினால் மேப்பில் பின் விழுவது பெரும்பாலும் அந்த இடத்தின் நடுவில். கருவி என்ன செய்யும்? பின்னுக்குக் கிட்டத்தில் எந்த ரோடு இருக்கிறதோ அதுவரை உன்னைக் கொண்டுபோய், வந்துவிட்டீர்கள் என்று சொல்லிவிடும். நீ இறங்கிப் பார்த்தால் எதிரில் பத்தடிச் சுவரும் கம்பிச் சுருளும்தான் இருக்கும். கேட் இன்னொரு ரோட்டில். நடுவில் தண்டவாளம் ஓடினால் இன்னும் மோசம். பின்னுக்கும் உனக்கும் கூப்பிடு தூரம்தான், ஆனால் லெவல் கிராசிங்கோ சுரங்கப்பாதையோ தேடிச் சுற்ற வேண்டும். அதனால் புது யார்டுக்குப் போகிறாய் என்றால் வழியைக் கேட்காதே, கேட் எந்தப் பக்கம் என்று கேள். ஆள் போகிற கேட்டா, லாரி போகிற கேட்டா என்றும் கேட்டுக்கொள். இல்லையென்றால் செக்யூரிட்டி உன்னை ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குத் துரத்தும்போது மணி நாலரை ஆகியிருக்கும்.

யார்டுக்குள் கருவி குழம்பினால் பயப்படாதே. ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் நான்கின் சிக்னலாவது வந்தால்தான் கணக்கு சரியாக விழும். திறந்தவெளியில் போன் ஏறக்குறைய 5 மீட்டர் பிசகில் இடத்தைச் சொல்லிவிடும். அடுக்கடுக்காகக் கன்டெய்னர் நிற்கிற இடத்தில் சிக்னல் இரும்பில் பட்டுத் திரும்பி, சுற்று வழியாக வந்து சேர்கிறது. கருவி அந்தக் கூடுதல் தூரத்தையும் நம்பி உன்னைப் பக்கத்து ரோட்டில் நிறுத்திவிடும். டோல்கேட் பக்கம் டி.எச். ரோட்டில் மெட்ரோ பாலத்துக்கு அடியில் போகும்போதும் வானம் பாதிதான் தெரியும். இன்னொரு விஷயம், நீ அசையாமல் நிற்கும்போது எந்தத் திசை பார்த்து நிற்கிறாய் என்று செயற்கைக்கோள் கணக்கில் தெரியாது. போனில் இருக்கிற திசைகாட்டிதான் அதைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இரும்பு இருந்தால் அதுவும் பிசகும். ஆகவே யார்டை விட்டு வெளியே வந்ததும் அம்பு காட்டுகிற பக்கம் உடனே திருப்பாதே. கொஞ்ச தூரம் ஓட்டு, தானே சரியாகிவிடும்.

இருசக்கர வாகனத்துக்கென்று கூகுள் மேப் தனி வழி காட்டத் தொடங்கியது 2017 டிசம்பரில். உலகத்திலேயே முதலில் அது வந்தது இந்தியாவுக்குத்தான். கார் போகாத சந்துகளையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். பல நாள் லாபம். காசிமேட்டுப் பக்கம் விடியற்காலையில் மட்டும் அது பலிக்காது. ஐஸ் பெட்டி ஏற்றிய மீன்பாடி வண்டி எதிரில் வரும், கூடை தூக்கிய அம்மாக்கள் வழிவிட மாட்டார்கள், விட வேண்டிய அவசியமும் இல்லை, அது அவர்கள் இடம். ரோட்டில் ஒழுகியிருப்பது வெறும் தண்ணீர் இல்லை, மீன் கழுவிய தண்ணீர். வண்டியைச் சாய்த்துத் திருப்பினால் டயர் வழுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது அதே தெருவில் அத்தனை கூட்டம் இருக்காது. திருவொற்றியூர் தேரடியும் அப்படித்தான். மற்ற நாளில் சாதாரணமாகப் போய்விடலாம். பௌர்ணமி அன்று வடிவுடையம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் நேர் வழி என்று எதுவும் இல்லை. காலண்டரில் பௌர்ணமியைக் குறித்து வை.

மழைக்காலத்துக்கு வருகிறேன். ஸ்டான்லி சுரங்கப்பாதை, ரிசர்வ் வங்கி சுரங்கப்பாதை, மாணிக்கம் நகர் சுரங்கப்பாதை மூன்றும் தண்ணீர் தேங்குகிற இடங்கள். மேப்பில் அவை எப்போதும் போலக் கோடாகத்தான் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே வந்தது. அந்தக் கருப்புத் தண்ணீருக்கு எந்த மேப்பிலும் நிறம் இல்லை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம் ராம்கங்கா ஆற்றுப் பாலத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலம், கருவி காட்டிய வழியில் வந்த கார், மூன்று பேர் செத்தார்கள். இரவில் தெரியாத ரோட்டில், எதிரில் ஒரு வண்டிகூட வரவில்லை என்றால் அதையும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள். நின்று டீக்கடையில் கேள்.

கருவியைப் பற்றிச் சில்லறை விஷயங்கள். போன் கேமரா அதிர்வைத் தாங்காது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் நடுக்கம் ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிளே எச்சரித்தது. ரப்பர் வைத்த மவுன்ட் வாங்கு. இல்லையென்றால் போனைப் பையில் போட்டுக் குரலை மட்டும் கேள், எனக்கு அதுதான் பிடிக்கும். மே மாத வெயிலில் சார்ஜ் ஏறிக்கொண்டே மேப்பும் ஓடினால் போன் சூடாகி அணைந்துவிடும். கடல் காற்றில் மவுன்ட் ஸ்குரூவும் சார்ஜர் முனையும் சீக்கிரம் துருப்பிடிக்கும், மாதம் ஒரு தடவை இரண்டையும் துடை, ஸ்குரூவுக்கு எண்ணெய் போடு.

இனி உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அருண் கணேஷ் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். சென்னை ஜனங்களே தங்கள் தெருவைத் தொட்டு, இங்கே தண்ணீர் நிற்கிறது என்று குறித்தார்கள். அரசாங்கம் வரைந்து தரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. மேப் என்பது எங்கேயோ உட்கார்ந்து யாரோ செய்கிற பொருள் என்று நினைக்காதே. கூகுளில் திருத்தம் அனுப்ப வழி இருக்கிறது, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீயே வரையலாம். கேட்டை எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவன் தினமும் அங்கே போய் நிற்கிற ஃபீல்டு பையன்தான், கையில் போனும் இருக்கிறது, செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்து வாங்குகிறவரைக்கும் நேரமும் இருக்கிறது. நீ போகிற ஒவ்வொரு யார்டிலும் லாரி கேட் எங்கே, ஆள் கேட் எங்கே என்று அங்கே நின்றபடியே குறித்து அனுப்பு. காம்பவுண்டுக்கு வெளியே தெரிகிற இடத்தை மட்டும் குறி, துறைமுகத்துக்குள்ளே எதையும் படம் எடுக்காதே, அது வேறு வம்பு. முதலில் மணலி யார்டுகளிலிருந்து தொடங்கு. உனக்குப் பின்னால் வருகிற பையன் நேராகக் கேட்டுக்குப் போய்ச் சேரட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்