டிபி2 தடுமாறும்போது: மெயின்ஃப்ரேமில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் கணக்குகளை இன்றும் ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் ஓடும் டிபி2 தரவுத்தளத்தில்தான் வைத்திருக்கின்றன. அவற்றைக் கவனித்துக்கொள்ளும் குழுக்கள் சில சென்னையில் இருக்கின்றன. கோடைக்காலத்தில் நியூயார்க்கில் இரவு பத்து மணிக்கு பேட்ச் ஜாப்கள் தொடங்கும்போது இங்கே காலை ஏழரை. அதனால் "ஜாப் இன்னும் முடியவில்லை" என்ற அழைப்பு நம் பகல் நேரத்தில்தான் வந்து சேரும்.

அழைப்பு வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, தரவுப் பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் பஃபர் பூலைப் பெரிதாக்கலாமே என்பது. சில சமயம் அது தீர்வு. பல சமயம் அதுவே அடுத்த சிக்கலுக்குத் தொடக்கம். நேரம் எங்கே செலவானது என்பதை எண்களில் காட்ட முடிந்த பிறகுதான் நினைவகத்தில் கை வைக்க வேண்டும். இந்தப் பட்டியல் முழுவதும் அந்த ஒரு விதியைச் சுற்றியே அமைந்தது.

1. முதல் அரை மணி நேரம்

செய்ய வேண்டியவை

- தாமதம் ஒருவருக்கா, எல்லோருக்குமா என்று கேளுங்கள். ஒரு ஜாப் மட்டும் இழுத்தால் அதன் எஸ்க்யூஎல்லிலோ பூட்டிலோ காரணம் இருக்கலாம். டிபி2-வையே தொடாத வேலைகளும் சேர்ந்து மந்தமானால் எல்பார் (மெயின்ஃப்ரேமில் பிரித்துக் கொடுத்த பகுதி) முழுவதையும் பாருங்கள். மென்பொருள் செலவைக் கட்டுப்படுத்த எல்பாருக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். நான்கு மணி நேர நகரும் சராசரி அந்த வரம்பைத் தாண்டினால் பிராசஸர் நேரம் குறைக்கப்படும். அப்போது டிபி2-வில் எதைத் திருகினாலும் பயன் இல்லை.

- அக்கவுண்டிங் பதிவுகளைப் பிரித்துப் படியுங்கள். எஸ்எம்எஃப் 101 பதிவில் மூன்று வகுப்புகள் முக்கியம். வகுப்பு 1 த்ரெட்டின் மொத்த நேரம். வகுப்பு 2 அதில் டிபி2-வுக்குள் கழிந்த நேரம். வகுப்பு 3 உள்ளே எதற்காகக் காத்திருந்தது என்பதன் கணக்கு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் நேரம் போனது நிரலிலோ நெட்வொர்க்கிலோதான். தரவுத்தளத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

- கணக்கில் வராத நேரத்தைக் கவனியுங்கள். வகுப்பு 2 நேரத்திலிருந்து பிராசஸர் நேரத்தையும் வகுப்பு 3 காத்திருப்பையும் கழித்தபின் பெரிய மிச்சம் இருந்தால், அந்த வேலை பெரும்பாலும் பிராசஸருக்காக வரிசையில் நின்றிருக்கிறது, அல்லது பேஜிங்கில் மாட்டியிருக்கிறது. இரண்டையும் டிபி2 அறிக்கை சொல்லாது. இயக்க முறைமையான ஸீ/ஓஎஸ்ஸின் ஆர்எம்எஃப் அறிக்கைதான் சொல்லும்.

- நல்ல நாளின் எண்களைச் சேமித்து வையுங்கள். விநாடிக்கு ஆயிரம் வாசிப்பு அதிகமா குறைவா என்பது போன வாரம் அதே நேரத்தில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. மாத இறுதி, காலாண்டு இறுதி நாட்களுக்குத் தனிப் பதிவு வேண்டும்.

செய்யக்கூடாதவை

- ஒரு நாள் சராசரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். பத்து நிமிட நெரிசல் 24 மணி நேரச் சராசரியில் கரைந்துபோகும். டிபி2 10 முதல் முக்கியமான புள்ளிவிவரங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதப்படுகின்றன. சிக்கல் நடந்த நிமிடங்களையே எடுத்துப் பாருங்கள்.

- பெர்ஃபார்மன்ஸ் ட்ரேஸை எல்லோருக்கும் சேர்த்து ஓடவிடாதீர்கள். ஏற்கெனவே திணறும் அமைப்பை அது இன்னும் அழுத்தும். எந்த பிளான், எந்த யூசர், எந்த நிகழ்வு என்று குறுக்கி, சில நிமிடம் மட்டும் ஓட்டுங்கள்.

- டிபி2-வை நிறுத்தித் தொடங்குவதை முதல் மருந்தாக்காதீர்கள். பஃபர் பூல் காலியாகும், டைனமிக் எஸ்க்யூஎல் கேஷ் அழியும், தடயமும் போய்விடும். மறுநாள் அதே சிக்கல் திரும்பும்போது கையில் ஒன்றும் இருக்காது.

2. நினைவகம்

பழைய கையேடுகளில் உள்ள அறிவுரைகளை அப்படியே பின்பற்றுவதற்கு முன் ஒரு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 31 பிட் முகவரி இருந்த காலத்தில் டிபி2-வின் டிபிஎம்1 முகவரி வெளிக்கு 2 ஜிபிதான் எல்லை. மெயின்ஃப்ரேம்காரர்கள் அதை 'பார்' என்பார்கள். பஃபர் பூல், த்ரெட், கேஷ் எல்லாம் அதற்குள்தான் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. 2000-இல் 64 பிட் கட்டமைப்பு வந்தது. 2004-இல் வந்த டிபி2 எட்டாம் பதிப்பு பஃபர் பூல்களை பாருக்கு மேலே கொண்டுபோனது. 2010-இல் வந்த பத்தாம் பதிப்பு த்ரெட்டுகளின் நினைவகத்தில் பெரும்பகுதியையும் மேலே நகர்த்தியது. எனவே இன்றைய கேள்வி முகவரிக்கு இடம் இருக்கிறதா என்பது அல்ல. அந்த முகவரிக்குப் பின்னால் உண்மையான நினைவகம் இருக்கிறதா என்பதுதான்.

செய்ய வேண்டியவை

- பூலைத் தொடும் முன் எல்பாரின் காலி நினைவகத்தைப் பாருங்கள். ஆர்எம்எஃப்பில் பேஜிங் எண்ணிக்கையையும், டிபி2-வின் ஸ்டோரேஜ் பதிவில் எத்தனை ஃப்ரேம் துணைச் சேமிப்புக்குப் போயிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். டிபி2-வுக்கு ஏற்ற பேஜிங் அளவு பூஜ்யம். பேஜ் டேட்டாசெட்டுகள் 70 சதவீதம் நிரம்பினால் ஸீ/ஓஎஸ் எச்சரிக்கும். 85-இல் நெருக்கடி என்று அறிவிக்கும். அந்தச் செய்திகள் வரும்வரை காத்திருப்பது தாமதம்.

- பூல்களை வேலைவாரியாகப் பிரியுங்கள். கேட்லாக் இருக்கும் பிபி0-வில் பயனர் டேபிள்களைத் திணிக்காதீர்கள். சார்ட்டுக்கான வொர்க்ஃபைல்களுக்குத் தனி பூல் கொடுங்கள். இன்டெக்ஸும் டேபிள்ஸ்பேஸும் தனித்தனி பூல்களில் இருந்தால் எது எதைத் தள்ளிவிடுகிறது என்று தெரியும். ஒரு பூலில் வரிசை வாசிப்புக்கு விடப்படும் பங்கு, மாற்றாவிட்டால், 80 சதவீதம். ஆன்லைன் பரிவர்த்தனைகள் மட்டும் ஓடும் பூலுக்கு அது அதிகமாக இருக்கலாம். வொர்க்ஃபைல் பூலுக்கு இன்னும் கூட்டலாம்.

- விநாடிக்கு எத்தனை வாசிப்பு டிஸ்க்குக்குப் போகிறது என்பதை அளவுகோலாக்குங்கள். பூலைப் பெரிதாக்கி அந்த எண் இறங்கினால் நினைவகம் வேலை செய்தது. இறங்காவிட்டால் கொடுத்ததைத் திரும்ப எடுங்கள். டிபி2 12 வைத்திருப்பவர்கள் சிமுலேஷனை இயக்கினால், பூல் பெரிதாக இருந்திருந்தால் எத்தனை வாசிப்பு தவிர்க்கப்பட்டிருக்கும் என்று உண்மையான பூலைப் பெரிதாக்காமலே கணக்கிடலாம்.

- வாசிப்பு எழுத்து மிகுந்த பூல்களுக்கு பேஜ் ஃபிக்ஸ் கொடுங்கள். ஒவ்வொரு ஐ/ஓவுக்கும் பக்கத்தைப் பூட்டி விடுவிக்கும் பிராசஸர் செலவு மிச்சமாகும். 1 எம்பி ஃப்ரேம்களும் கிடைத்தால் முகவரி மாற்றச் செலவும் குறையும். ஆனால் பூலின் அளவு உடனே மாறும். பேஜ் ஃபிக்ஸ் அப்படியல்ல. பூல் மறுபடி ஒதுக்கப்படும்போதுதான் அது நடைமுறைக்கு வரும். அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

- நினைவகம் மெல்ல மெல்ல ஏறுகிறதா என்று வாரக்கணக்கில் வரைந்து பாருங்கள். த்ரெட் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது வேலைப் பளு. த்ரெட் அதே அளவில் நிற்க, நினைவகம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் கசிவு இருக்கலாம். மறுதொடக்கம் தவிர்க்க முடியாதபோது அதற்கு முன் கன்சோல் டம்ப் எடுத்துவிடுங்கள். ஐபிஎம் ஆதரவுக் குழு முதலில் கேட்பது அதைத்தான்.

செய்யக்கூடாதவை

- ஹிட் ரேஷியோவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 98 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கும். விநாடிக்கு பத்து லட்சம் பக்கக் கோரிக்கை வரும் இடத்தில் மிச்ச 2 சதவீதம் விநாடிக்கு 20,000 வாசிப்பு. ப்ரீஃபெட்ச் முன்கூட்டியே கொண்டுவந்த பக்கங்களை யாரும் கேட்காவிட்டால் இந்த விகிதம் எதிர்மறையாகவும் போகும்.

- இல்லாத நினைவகத்தை பூலுக்கு எழுதிக்கொடுக்காதீர்கள். பணம் இல்லாத கணக்கில் காசோலை கொடுப்பது போன்றது அது. டிபி2 பக்கம் நினைவகத்தில் இருக்கிறது என்று நம்பிப் போகும். ஸீ/ஓஎஸ் அதை ஏற்கெனவே பேஜ் டேட்டாசெட்டுக்கு அனுப்பியிருக்கும். டிஸ்க்கிலிருந்து நேராக வாசித்திருந்தால்கூடக் குறைந்த செலவில் முடிந்திருக்கும்.

- எல்லா பூல்களையும் ஃபிக்ஸ் செய்யாதீர்கள். ஃபிக்ஸ் ஆன பக்கத்தை இயக்க முறைமையால் நகர்த்த முடியாது. நெருக்கடியில் அது மற்ற வேலைகளின் பக்கங்களைத்தான் வெளியே தள்ளும்.

- சார்ட் பூல் அளவை யோசிக்காமல் கூட்டாதீர்கள். அது மொத்தமாக ஒருமுறை ஒதுக்கப்படுவதில்லை. ஒரே நேரத்தில் சார்ட் செய்யும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி. 10 எம்பியை 50 ஆக்கினால், 200 சார்ட்டுகள் ஒன்றாக ஓடும்போது 2 ஜிபி இருந்த இடத்தில் 10 ஜிபி போகும்.

3. எஸ்க்யூஎல்

செய்ய வேண்டியவை

- பக்கக் கோரிக்கை எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் இருப்பைக் காட்டும் பரிவர்த்தனை பல்லாயிரம் பக்கங்களைக் கேட்டால் அது நினைவகச் சிக்கல் இல்லை, அணுகுபாதைச் சிக்கல். எல்லாப் பக்கமும் பூலிலேயே இருந்தாலும் அத்தனையையும் புரட்ட பிராசஸர் வேண்டும்.

- எக்ஸ்ப்ளெயின் எடுத்து நேற்றையதோடு ஒப்பிடுங்கள். பிளான் டேபிளில் அணுகுவகை 'ஆர்' என்றால் டேபிள்ஸ்பேஸ் முழுவதும் வாசிக்கப்படுகிறது. இன்டெக்ஸ் இருந்தும் பொருந்தும் நெடுவரிசைகள் பூஜ்யம் என்றால் இன்டெக்ஸ் முழுவதும் புரட்டப்படுகிறது.

- ரீபைண்டுக்குப் பின் மெதுவானால் பழைய பாதைக்குத் திரும்புங்கள். பிளான் மேனேஜ்மென்ட் வசதி முந்தைய அணுகுபாதையைச் சேமித்து வைத்திருக்கும். ஸ்விட்ச் கட்டளை ஒன்றில் அதை மீட்டுவிட்டு, காரணத்தை நிதானமாகத் தேடலாம்.

- டைனமிக் எஸ்க்யூஎல்லில் மதிப்புகளுக்குப் பதில் பாராமீட்டர் மார்க்கர் வைக்கச் சொல்லுங்கள். கணக்கு எண்ணை நேரடியாக எழுதினால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு புதிய ஸ்டேட்மென்ட் கேஷில் ஏறும். கேஷும் நிரம்பும், ஒவ்வொன்றையும் தயாரிக்கும் பிராசஸர் செலவும் சேரும்.

செய்யக்கூடாதவை

- நெருக்கடி நடுவில் எல்லா டேபிள்களுக்கும் புள்ளிவிவரம் சேகரிக்கும் ரன்ஸ்டாட்ஸை ஓட்டாதீர்கள். ஸ்டாடிக் எஸ்க்யூஎல் ரீபைண்ட் செய்யும்வரை அதைப் பொருட்படுத்தாது. டைனமிக் எஸ்க்யூஎல்லோ அடுத்த முறை தயாராகும்போது வேறு பாதையைத் தேர்ந்தெடுக்கக்கூடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததும் மாறிப்போகும்.

- வேர் (WHERE) பகுதியில் நெடுவரிசையின் மீது கணக்குப் போடாதீர்கள். மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுத் தொகையோடு ஒப்பிட்டால் அந்த நெடுவரிசையின் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து ஒப்பிடுங்கள்.

4. பூட்டுகளும் காத்திருப்புகளும்

செய்ய வேண்டியவை

- -911, -913 குறியீடுகளை நினைவகத்தோடு குழப்பாதீர்கள். யார் பிடித்திருக்கிறார் என்று தேடுங்கள். இரண்டுமே டெட்லாக் அல்லது டைம்அவுட். முன்னதில் வேலை ரோல்பேக் ஆகிவிட்டது. பின்னதில் முடிவு நிரலின் கையில். கன்சோல் செய்தியில் பூட்டைப் பிடித்திருந்த பிளானின் பெயர் இருக்கும்.

- பேட்ச் நிரல்களில் இடையிடையே கமிட் இருக்கிறதா என்று சோதியுங்கள். கமிட் இல்லாத ஜாப் பூட்டுகளைக் குவித்துக்கொண்டே போகும். வரம்பைத் தாண்டினால் டேபிள்ஸ்பேஸ் முழுவதும் பூட்டப்படும்.

- ஸிப் பிராசஸர்களின் நெரிசலையும் பாருங்கள். பத்தாம் பதிப்பு முதல் ப்ரீஃபெட்ச் வேலையும் அவற்றில் ஓடுகிறது. அங்கே வரிசை நீண்டால், டிஸ்க் வேகமாக இருந்தாலும் வகுப்பு 3-இல் வாசிப்புக் காத்திருப்பு கூடும்.

செய்யக்கூடாதவை

- ஐந்து மணி நேரம் ஓடிய அப்டேட் ஜாபை யோசிக்காமல் ரத்து செய்யாதீர்கள். செய்ததையெல்லாம் அது பின்னோக்கி அழித்தாக வேண்டும். அதற்கும் மணிக்கணக்கில் ஆகலாம். அதுவரை பூட்டுகள் விடுபடாது. அந்த நேரத்தில் டிபி2-வையே வீழ்த்தினாலும், மறுபடி எழும்போது மிச்ச ரோல்பேக் காத்திருக்கும்.

- ஐஆர்எல்எம்மை மற்ற வேலைகளோடு வரிசையில் நிறுத்தாதீர்கள். பூட்டு மேலாளருக்கு பிராசஸர் கிடைக்காவிட்டால் எல்லோரும் நிற்பார்கள். வேலைகளுக்கு முன்னுரிமை தரும் டபிள்யூஎல்எம்மில் அதன் இடம் எஸ்ஒய்எஸ்எஸ்டிசி வகுப்பு.

5. மாற்றம் செய்யும்போது

- ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். பூலையும் பெரிதாக்கி, ரீபைண்டும் செய்து, இன்டெக்ஸும் சேர்த்தால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது. உதவாததும் நிரந்தரமாகத் தங்கிவிடும்.
- திரும்பும் வழியை முன்பே எழுதுங்கள். பழைய அளவு, பழைய பாராமீட்டர், அதை மீட்கும் கட்டளை மூன்றும் மாற்றக் கோரிக்கையிலேயே இருக்கட்டும்.
- அதே நாள், அதே நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஞாயிறு செய்த மாற்றத்தின் பலனைத் திங்கள் காலை உச்ச நேரத்தில் பாருங்கள். ஞாயிறு மாலை எல்லா மாற்றமும் வெற்றியாகத்தான் தெரியும்.
- வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் மூன்று எண்கள் போதும்: ஒரு பரிவர்த்தனைக்கு ஆன வகுப்பு 2 நேரம், பிராசஸர் நேரம், பக்கக் கோரிக்கைகள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும். இந்த மூன்றில் எதுவும் நகரவில்லை என்றால் மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.