“கூலி” என்னும் அடைமொழி

இலக்கண வகுப்பொன்றில் தொகைநிலைத் தொடர்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, ‘கூலி’ தமிழ்ச் சொல்லா, ஆங்கிலச் சொல்லா?” என்று வினவினான். சிலர் நகைத்தனர். வினவியவன் நகைக்கவில்லை. லுணுகலைப் பகுதித் தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்தவன் அவன். வீட்டுப் பெட்டியிற் கிடந்த பழைய ஆங்கிலக் கடதாசி ஒன்றில், தன் பூட்டனார் பெயருக்கு முன்னே அச்சொல் எழுதப்பட்டிருக்கக் கண்டானாம். அன்று மணியடித்துவிட்டமையால் என் விடை முற்றுப்பெறவில்லை. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, அவ்விடையையே எழுதித் தரலாம் என்று எண்ணினேன்.

கூலி தமிழ்ச் சொல்லே. திருக்குறளின் 619ஆம் பாட்டில், மெய்வருந்தி முயன்றவனுக்கு அம்முயற்சி தரும் பயன் என்ற பொருளில் அது நிற்கின்றது. செய்த வேலைக்குப் பெறவேண்டிய ஊதியம் என்பதே அதன் உள்ளீடு. வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, செய்கூலி என்று இன்றும் வழங்குகின்றோம். ‘கைக்கூலி’ மட்டும் சற்றே வழி விலகிப்போய், ஓரிடத்தில் இலஞ்சமாகவும், ஈழத்து முஸ்லிம் மக்களிடையே மணமகனுக்குக் கொடுக்கும் ரொக்கமாகவும் ஆயிற்று. சிங்களத்திலும் ‘குலிய’ என்பது வாடகையையே குறிக்கும். இவை யாவும் கொடுக்கப்படும் பொருளைச் சுட்டுவன. கூலி என்றால் காசு, ஆள் அல்லன். ஆளைக் குறிக்க வேண்டுமாயின் கூலியாள் என்றோ கூலிக்காரன் என்றோ சொல்லவேண்டும்.

காசைக் குறித்த சொல் ஆளைக் குறிக்கத் தொடங்கியது ஐரோப்பியர் வாயிலேதான். போர்த்துக்கேயர் வழியாக ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனைப் பெற்றனர். யூல், பர்னெல் என்னும் இருவர் 1886இல் வெளியிட்ட ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்னும் அகராதி, குஜராத்துப் பக்கத்துக் ‘கோலி’ என்னும் மக்களின் பெயரே இதன் மூலம் என்று கொள்ளும். தமிழ்க் கூலியே மூலம் என்பார் கருத்தையும் அது மறைக்கவில்லை. இவ்வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புக் கூற வேண்டிய தேவை இல்லை. மேற்குக் கரையில் ஓர் இனப்பெயராகக் காதில் விழுந்தது, சோழமண்டலக் கரையில் ஊதியப் பெயராகக் காதில் விழுந்தது. வணிகர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. சீனரும் இவ்வொலியைத் தம் எழுத்தில் அமைத்தபோது, ‘கசப்பு’, ‘வலிமை’ எனப் பொருள்படும் இரண்டு எழுத்துக்களைத் தேர்ந்துகொண்டனர். அகராதிக்காரர் எவரும் அத்துணைச் சுருக்கமாக அச்சொல்லுக்கு உரை எழுதியதில்லை.

நிற்க, ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லை மற்றொரு பெயருக்கு முன்னே வைத்துவிட்டால், அது அடைமொழியாகிவிடும். தோட்டங்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘கூலி’ அவ்வாறு அடைமொழியாயிற்று. கூலி லைன்ஸ், கூலிக் கூட்டம், கூலிக் கப்பல் என எங்கும் அது முன்னே நின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1862இல் ‘கூலி வியாபார’த் தடைச் சட்டம் என்றே ஒரு சட்டம் பிறந்தது. நம் நாட்டில், தேயிலை, றப்பர்த் தோட்டத் துரைமார் பயில்வதற்கென வெல்ஸ் என்பார் 1915இல் வெளியிட்ட நூலுக்குக் ‘கூலித் தமிழ்’ என்று பெயர். ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய ஒரு மொழிக்கு முன்னேயும் அவ்வடைமொழி வந்து குந்திக்கொண்டது. அதற்கு முன்னரே பெர்குசன் என்பார் சின்னத்துரைமாருக்காக எழுதிய கைந்நூலின் பெயரோ ‘இங்கே வா’. ‘வாருங்கள்’ அன்று, ‘வாரும்’ கூட அன்று. கப்பலில் வந்திறங்கிய இருபது வயது இளைஞன், தலை நரைத்த கங்காணியைப் பார்த்து முதன்முதற் சொல்லக் கற்றுக்கொண்ட தமிழ் அதுவாயிற்று.

இவ்விடத்தில் என் மாணவர்க்குக் கூறிய இலக்கணத்தை மீண்டும் கூறுகின்றேன். ‘கூலியாள்’ என்னும் தமிழ்த் தொடரை விரித்தால், கூலிக்கு வேலை செய்யும் ஆள் என்றாகும். நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இங்கே இருவரிடையே ஓர் உறவு உண்டு: ஒருவன் உழைப்பான், மற்றவன் கொடுப்பான். மாலையில் வேலை முடிந்தால் அவன் கூலியாளும் அல்லன். ஆங்கிலேயர் வழக்கிலோ அது செந்தாமரை, கருங்குதிரை போலப் பண்புத்தொகையாக மாறிவிட்டது. செம்மை தாமரையின் பிறவிக்குணம் ஆவதுபோல, கூலித்தன்மை அம்மனிதனின் பிறவிக்குணம் ஆயிற்று. அவன் உறங்கும்போதும் கூலி, அவன் பிள்ளை தொட்டிலிற் கிடக்கும்போதும் கூலி. கொடுப்பவன் தொடரிலிருந்தே மறைந்துவிட்டான். நான்காம் வேற்றுமை உருபு ஒன்று போனதனால் எத்துணை பெரிய கடன் கணக்கிலிருந்து விழுந்துபோயிற்று என்பதை மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன்.

கடன் என்றவுடன் துண்டு நினைவுக்கு வருகின்றது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்லவேண்டின், தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டு வேண்டும். அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்த பின்னரே அவனை அழைத்துக்கொள்ளலாம். அச்சீட்டின் பெயராகிய ‘துண்டு’ம் ஆங்கில ஆவணங்களில் அப்படியே ஏறிற்று. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. மறுதலையாக, லைன் என்பது நம் வாயில் லயமாயிற்று. செக்ரோலில் ஒரு நாள் வேலை ‘ஒரு பேர்’ எனவும், குறைந்தால் ‘அரைப்பேர்’ எனவும் கணக்கிடப்பட்டது. பிரட்டுக்களத்தில் அரைப்பேர் போடப்பட்டவனுக்கு அன்று அரை மனிதன் மதிப்பே.

தென்னாபிரிக்காவில் இவ்வடைமொழி தொழிலையும் கடந்து சென்றது. 1893இல் அங்கே சென்ற காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைக்கப்பட்டதைத் தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார். கூலி வேலை ஒருநாளும் செய்யாத வணிகரும் அங்கே கூலி வணிகரே. தமிழர் பெயர்களின் இறுதியில் வரும் ‘சாமி’யும் அவ்வாறே வசைச்சொல்லாயிற்று, தலைவன் எனப் பொருள்படும் சொல்லால் வைகின்றோம் என்பதை வைதவர் அறிந்திலர். அதே காந்தியடிகள் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது நம் பதுளைக்கும் வந்தார்.

அவ்வாண்டிலேயே இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை வகுத்த 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. கோ. நடேசையர் 1931இல் அமைத்த சம்மேளனத்தின் பெயரில் தோட்டத் தொழிலாளர் என்றே இருந்தது. 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் அப்பெயரையே தாங்கிற்று. இவ்வாறு ஏடுகளிலிருந்து அடைமொழி தேய்ந்து அகன்றது. இன்று ஆங்கில அகராதிகள் அதனைப் புண்படுத்தும் சொல் என்று குறித்து வைக்கின்றன. மொரீசியசு நாட்டில் குடியேறிகள் வந்திறங்கிய ‘கூலித் துறை’ இப்போது ஆப்பிரவாசி துறை எனப் பெயர் பெற்று, 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அந்நாட்டுக் கவிஞர் கால் தொராபுல்லி, அச்சொல்லைக் கைவிடாது, அதிலிருந்தே ‘கூலித்துவம்’ எனப் பொருள்படும் கொள்கைப்பெயர் ஒன்றை ஆக்கிக்கொண்டார்.

தமிழின் நிலையோ வேறு. ஆங்கிலேயன் மாற்றிய பொருளை நாமே திருப்பி வாங்கிக்கொண்டோம். புகையிரத நிலையத்தில் மூட்டை சுமப்பவரைக் ‘கூலி’ என்று அழைக்கத் தமிழர் கற்றுக்கொண்டனர். 2025இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம் ஒன்றின் பெயரும் அதுவே. தோட்டத்திலோ தமக்கு வரவேண்டிய பணத்தைக்கூட எவரும் கூலி என்பதில்லை. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டு ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டத்தில், 2021 மார்ச்சில் அத்தொகை விதிக்கப்படும்வரை, கேட்டது ‘சம்பளம்’ என்னும் பெயரால்தான். நல்ல பழஞ்சொல் ஒன்றை உரியவர்களே தொடக் கூசுகின்றனர். இதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர்களைக் குறைகூற நாவெழவில்லை.

அடுத்த வகுப்பில் இவற்றையெல்லாம் ஒருவாறு சொல்லி முடித்தேன். அதே மாணவன் மீண்டும் எழுந்தான். “அப்படியானால், ஐயா, ‘இந்தியத் தமிழர்’ என்பது என்ன தொகை?”

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இருவகையாகப் பிரித்து எழுதினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர், இங்கேயே பிறந்தோரும் குடியுரிமை இழந்தனர். 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கையில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிடப்பட்டனர். எஞ்சியோர்க்கு வழிசெய்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் ‘இந்திய வம்சாவளி’ நின்றது. இந்தியாவிலிருந்து வந்த தமிழர் என விரித்தால் ஐந்தாம் வேற்றுமைத் தொகை. வந்தவர்க்கு அது பொருந்தும். வந்தவரின் பூட்டப்பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும் என்று நான் கரும்பலகையில் எழுதிய விரிவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் தன் குறிப்பேட்டில் வேறொன்றை எழுதிக் கொண்டுவந்து காட்டினான். “மலையகத் தமிழர்: மலையகத்தின்கண் வாழும் தமிழர். ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.” சரி என்று சிவப்பு மையில் அடையாளமிட்டுக் கொடுத்தேன்.