குத்துச்சண்டை வீரருக்கு ஓட்டம் எதற்கு?

1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதினர். மும்மூன்று நிமிடமாக 15 சுற்றுகள்; சுற்றுகளுக்கிடையே ஒரு நிமிட ஓய்வு. ஓய்வு நீங்கலாக 45 நிமிடம் நீடித்த அச்சண்டையில் அலி புள்ளிகளால் வென்றார்.

இத்தகைய தாங்குதிறனுக்கு நெடுந்தூர ஓட்டமே அடிப்படை. களைத்த வீரரின் கைகள் தாழும். கைகள் தாழ்ந்தால் தலை காப்பின்றி நிற்கும். தவறாது ஓடுவோரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்தும். ஆதலால் ஓய்வு நிமிடத்தில் மூச்சு விரைவில் சீராகும்; அடுத்த சுற்றிலும் கைகள் முகத்தைக் காக்கும்.

எனினும் மெதுவான ஓட்டம் மட்டும் போதாது. மூன்று நிமிடம் விரைந்தோடி ஒரு நிமிடம் இளைப்பாறும் பயிற்சியையும் வாரம் இருமுறை சேர்த்தல் வேண்டும்.

பால்வெட்டிக் களைத்த உடலுடன் உடனே ஓடலாகாது. மாலையில் வெயில் தணிந்தபின், தோட்டத்து மண்பாதையில், பொருத்தமான காலணி அணிந்து 2 கிலோமீட்டரில் தொடங்குவோம். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். போதிய நீர் அருந்துவோம். நெஞ்சு வலித்தால் உடனே நின்று மருத்துவரை நாடுவோம். வாரத்தில் ஒருநாள் ஓய்வும் பயிற்சியின் பகுதியே என்பதை மறவாதிருப்போம்.