ஒரு ஏரிக்கு ஒரு பெயர் போதும்: செல்போனில் பறவைப் பட்டியல் போடுபவர்களுக்கு

நெமிலி சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் காவேரிப்பாக்கம் ஏரியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பல்லவர் காலத்து ஏரி. பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய் அதை நிரப்புகிறது. தண்ணீர் இருக்கும் மாதங்களில் நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று கரையெல்லாம் பறவைதான். அவற்றைப் பார்த்துச் செல்போனில் பதிவு செய்பவரா நீங்கள்? இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

பதிவு எங்கே போகிறது?

பறவை பார்ப்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் செயலி இ-பேர்ட். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கியது, கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதில்தான் பட்டியல் போடுகிறோம். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்டோர் இதில் சேர்த்த சுமார் 3 கோடிப் பதிவுகள். உங்களைப் போன்றவர்கள் போட்டவைதான்.

சிக்கல் எங்கே வருகிறது?

பலரும் போகும் பொது இடத்தை இ-பேர்ட்டில் ‘ஹாட்ஸ்பாட்’ என்பார்கள். வைஃபை ஹாட்ஸ்பாட் இல்லீங்க, பறவை பார்க்கும் பொது இடம்! அங்கே யார் பட்டியல் போட்டாலும் ஒரே பக்கத்தில் சேரும். மொத்தம் எத்தனை இனம், எந்த மாதத்தில் எது வரும் என்று யாரும் பார்க்கலாம்.

ஆனால் ஒருவர் மதகருகே நின்று ‘காவேரிப்பாக்கம்’ என்று புது இடம் உருவாக்குகிறார், இன்னொருவர் ‘காவிரிப்பாக்கம் ஏரிக்கரை’, மூன்றாமவர் ‘ஹைவே பக்கத்து ஏரி’ என்று வைத்துக்கொள்வோம். நமக்கு ஒரே ஏரி. கணினிக்கு மூன்று இடம். மூன்று துண்டுகளில் எதைப் பார்த்தாலும் ஏரியின் முழுக்கணக்கு கிடைக்காது. நாளைக்கு ஆகாயத்தாமரை மூடினாலோ, கழிவுநீர் கலந்தாலோ, “முன்னாடி இங்க என்னென்ன பறவை இருந்துச்சு?” என்று கேட்பார்கள். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதியில் இது சும்மா எழும் கேள்வி இல்லை. சிதறிக் கிடக்கும் பட்டியல் அதற்குப் பதில் சொல்லாது.

இதைச் சரிசெய்வது யார்?

சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். யாராவது ஓர் இடத்தை ஹாட்ஸ்பாட்டாகப் பரிந்துரைத்தால், அது பொதுமக்கள் போகக்கூடிய இடமா, வரைபடத்தில் புள்ளி சரியாக இருக்கிறதா, ஏற்கெனவே அதே இடம் இருக்கிறதா என்று பார்த்து ஏற்பார்கள். இரட்டைப் பதிவுகளை இணைப்பார்கள், பெயர்ப் பிழையைத் திருத்துவார்கள். அரிய பறவைப் பதிவுகளைச் சரிபார்ப்பது வேறு வேலை. அதற்கும் தன்னார்வலர்கள் உண்டு. இவர்களின் சுமையைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பட்டியலை முடிக்கும்போது செயலி இடம் கேட்கும். உடனே புது இடம் உருவாக்காதீர்கள். வரைபடத்தில் அருகே ஹாட்ஸ்பாட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

2. பட்டியல் முழுவதும் அந்த இடத்துக்குள் பார்த்ததாக இருக்கட்டும். ஏரியில் தொடங்கி நெமிலி வரை வண்டியில் வந்தால் இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள்.

3. உங்கள் ஊர் ஏரி இல்லையா? இணையதளத்தில் உங்கள் கணக்கிலுள்ள இடங்கள் பக்கத்துக்குப் போய் அதை ஹாட்ஸ்பாட்டாகப் பரிந்துரையுங்கள். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேருங்கள். வெறும் ‘பெரிய ஏரி’ என்றால் எந்த ஊர்ப் பெரிய ஏரி என்று யாருக்குத் தெரியும்?

4. வீட்டுத் தோட்டம், சொந்த நிலம் ஆகியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம்; தனி இடமாகவே இருக்கட்டும். அதன் பெயரில் கதவு எண், கைப்பேசி எண் போடாதீர்கள். பட்டியலோடு இடப்பெயரும் மற்றவர்களுக்குத் தெரியும்.

5. முன்பு தனி இடமாகப் போட்ட ஏரிப் பட்டியல்கள் இருந்தால், அதே பக்கத்தில் அவற்றை ஹாட்ஸ்பாட்டுடன் இணைத்துவிடலாம். பழைய பட்டியல் எதுவும் அழியாது. சரியான இடத்துக்கு மாறும், அவ்வளவுதான்.

அடுத்த முறை கரையில் நிற்கும்போது இடத்தைத் தேர்ந்தெடுக்க அரை நிமிடம் கூடுதலாகச் செலவிடுங்கள். ஏரியின் கணக்கு ஏரியின் பெயரிலேயே சேரும்.